போட்டோ வேண்டாம்

"போட்டோ கீட்டோ கொண்டு வந்திருந்தா பைக்குள்ளேயே வைங்கம்மா. நான் பார்க்க மாட்டேன்."

"கொண்டு வரலை சார். உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றாள் நடிகை.

மேக்கப்மேனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாடகக்காரர்கள் நடுவே அவருக்குக் 'கதாசிரியர்' என்று பட்டப்பெயர். மரியாதைக்கு வைத்ததல்ல, சுத்தக் கிண்டல். ஒரு பக்கமாவது கதை எழுதாமல் அவர் யார் முகத்திலும் பிரஷ் வைக்க மாட்டார். "திருடனுக்கு ஒரு மச்சம் வைய்யான்னா, திருடனோட தாத்தா கதையை எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்று சொல்லி எல்லாக் குழுக்காரர்களும் அவரைக் கழற்றிவிட்டார்கள்.

பல மாதமாக வேலை இல்லை. இன்று வந்திருப்பது ஒரே ஆள் நடிக்கும் நாடகமாம். இந்த முகம் தேறிவிட்டால் இனி எல்லா நாடகங்களுக்கும் அவர்தான் என்று டைரக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தேறாவிட்டால் மேக்கப் பெட்டியைப் பரண் மேல் போட்டுவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

"சொல்லுங்க. யார் இந்த அம்மா?" பேனாவைத் திறந்தார்.

"எழுபது வயசு இருக்கும். புருஷன் இல்லை. சொந்த வீடு. ஒரு பையன் எங்கேயோ வெளியூர்ல இருக்கான். எட்டிப் பார்க்கறதே இல்லை."

"எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாங்க?"

"வலது பக்கம். வாசக்கதவைப் பார்த்து."

"அப்போ வலது கன்னத்துலதான் சுருக்கம் ஆழமா விழும். கதவை எதுக்குப் பார்க்கணும்?"

"பையன் வந்தா உடனே தெரியணுமாம்."

"அந்தத் தறுதலையைப் பிடிச்சு நிறுத்திக் கன்னத்துல நாலு விடணும்" என்று திட்டிக்கொண்டே எழுதினார். எழுத எழுத அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. அந்த அம்மா அழுவதில்லை என்று எழுதினார். அழுகையை விழுங்கி விழுங்கியே உதட்டோரம் இறங்கிப்போனது என்று எழுதினார். உதட்டுக்கு என்ன நிறம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கணும் சார். அந்த இடத்துல முடி முளைக்காது."

"எப்படிப் பட்டுச்சு?"

"கதவுல இடிச்சுக்கிட்டாங்க."

பேனா நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"இல்லம்மா. கதவுன்னு ஊருக்குச் சொல்லியிருப்பாங்க. அந்தப் பையன் சின்ன வயசுல கோபத்துல டம்ளரை விட்டெறிஞ்சிருப்பான். அவனைக் காட்டிக் கொடுக்க மனசு வராம, கதவு மேல பழியைப் போட்டிருப்பாங்க."

நடிகையின் முகம் வெளுத்துப்போனது. "இது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எழுதறப்ப தானா வரும். இதைத்தான் கற்பனைன்னு சொல்றது. இது புரியாதவங்கதான் போட்டோவைத் தூக்கிட்டு வர்றாங்க."

அப்புறம் வேலை ஆரம்பமானது. கன்னத்துத் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, லேட்டக்ஸ் ரப்பர் பாலை ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவி, ஹேர் டிரையரால் காய வைத்து விரலை எடுத்தார். இளம் கன்னம் சருகாகச் சுருங்கியது. எழுதிய காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு வரி படிப்பதும் ஒரு கோடு இழுப்பதுமாக இருந்தார்.

"உங்க வீட்டுல பெரியவங்க இருக்காங்களா சார்?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள் நடிகை.

"அண்ணன் பார்த்துக்கறார். பேசாதீங்கம்மா, வாயோரம் விரிசல் விட்டுடும்."

கடைசியாக நரைத்த விக்கைப் பொருத்திப் புருவத்தில் வெட்டையும் வைத்ததும், கண்ணாடியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். தான் செய்த முகத்தைப் பார்த்ததும் மேக்கப்மேன் பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்படி ஒரு அம்மாவை விட்டுட்டு எவனுக்காவது சோறு இறங்குமா? நீங்களே சொல்லுங்க."

அவள் கண்ணாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இதைக் கழுவிடட்டுமா? எனக்கென்னவோ இது வேண்டாம்னு தோணுது."

"என்ன பேச்சு இது? நான் உயிரைக் கொடுத்துச் செஞ்சிருக்கேன், கழுவறாங்களாம். முதல்ல கிளம்புங்க. கூன் போட்டு நடங்க."

அவள் தயங்கித் தயங்கித்தான் படியிறங்கினாள். மேக்கப்மேன் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே இருந்த வாட்ச்மேன், வரும்போது அவளை ஏற இறங்கப் பார்த்தவன், இப்போது ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"பார்த்துப் பெரியம்மா. யார் வீட்டுக்கு வந்தீங்க?"

தேறிவிட்டது. தன்னைக் கழற்றிவிட்ட அத்தனை பேரையும் மனதுக்குள் ஒரு பிடி பிடித்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக அறைக்குள் போனார்.

தெருமுனையில் நின்றிருந்த காரின் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் அவள் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அசல் எங்கம்மாவேதான். சின்னவன் வந்து நிக்காம வீட்டை எழுதித் தர மாட்டேன்னு ஒரே பிடியா நின்னாங்க. இனி அவங்க கையெழுத்து எதுக்கு?" என்றார் மேக்கப்மேனின் அண்ணன். "பயப்படாம ஏறும்மா. பெத்த பிள்ளைக்கே அடையாளம் தெரியலை, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எவனுக்குத் தெரியப் போகுது?"