மேலே வர இரண்டு வழி

தண்ணீருக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு கைப்பிடியை இழுத்தேன். இரும்பு விழவில்லை.

எண்ணெய்ப் பீப்பாய்களை ஒட்டவைத்து நானே செய்த நீர்மூழ்கி. அடியில் ஒரு கொக்கி, அதில் பெரிய இரும்புக் கட்டி. கைப்பிடியை இழுத்தால் கொக்கி திறந்து கட்டி கழன்று விழும், கலம் தானாக மேலே வரும். அப்படித்தான் வர வேண்டும்.

கரையில் ஜப்பானிய அதிகாரி காத்திருந்தான். கலம் மேலே வந்தால், சயாம் ரயில்பாதையைச் செப்பனிட ஆள் பிடிக்கும் பட்டியலிலிருந்து என் தம்பி சிவமணியின் பெயரை அடித்துவிடுவான். வராவிட்டால் நாளைக் காலை தம்பி ரயில் ஏறுவான். அங்கே போனவர்களில் ஒருவனையும் நான் மறுபடி சிங்கப்பூரில், எங்கள் சிராங்கூன் ரோட்டில் பார்த்ததில்லை.

மறுபடி இழுத்தேன். ம்ஹூம்.

அப்புறம்தான் உறைத்தது. அட மடையா! பூசை போடாமல் புது இயந்திரத்தைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்று என் பெண்டாட்டி கண்மணி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கொடுத்தனுப்பியிருந்தாள். கட்ட நூல் வேண்டுமே. ஜப்பான்காரன் வந்த மூன்று வருஷத்தில் நூலைக் கண்ணால் பார்த்தவன் யார்? செம்புக் கம்பியை எடுத்து, அவற்றைக் கொக்கியோடு சேர்த்து, கொக்கி திறக்கவே முடியாதபடி நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டிய புத்திசாலி நான்தான்.

சரி, போகட்டும். இந்த மருதப்பன் ஒரே வழியை நம்பி எதிலும் இறங்குகிறவன் அல்ல.

கலத்தின் இரண்டு பக்கமும் காற்றில்லாத லாரி ட்யூப்களைக் கட்டியிருந்தேன். அவற்றின் குழாய் உள்ளே என் காலடியில் சைக்கிள் பம்பில் வந்து சேர்ந்தது. அடித்தால் ட்யூப் உப்பும், கலம் மிதக்கும். அடிக்கிற காற்று என்னவோ நான் மூச்சுவிட வைத்திருந்த காற்றுதான். அதற்கென்ன, அதையும் யோசித்துத்தான் செய்திருந்தேன்.

அடித்தேன். நூறு, இருநூறு, முந்நூறு. காது அடைத்தது. நெஞ்சு படபடத்தது. "வாடி ராசாத்தி, வா" என்று கலத்தைக் கொஞ்சினேன்.

சேற்றிலிருந்து மெல்ல அசைந்தது. பிறகு ஒரே தூக்கு.

மூடியைத் திறந்தபோது கிராஞ்சிக் கடற்கரை வெயில் கண்ணைக் கூசவைத்தது. கரையில் சிவமணி அழுதுகொண்டிருந்தான். அதிகாரி பட்டியலை எடுத்து, என் கண் முன்னாலேயே அவன் பெயரை அடித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலத்தைச் சுற்றி வந்தான். ட்யூப்களைத் தடவிப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது, மீசை சரியாக முளைக்காத முகம். மொழிபெயர்த்துச் சொல்லும் யாக்கூப்பிடம் மெதுவாக ஏதோ சொன்னான்.

"அண்ணே, ரொம்ப நல்ல வேலையாம். முன்னால குண்டு வைக்கப் போறாங்களாம். கொக்கிய இறுக்கிட்டு, ட்யூபெல்லாம் கழட்டிடச் சொல்றாரு. உள்ள போறவரு திரும்பி மேல வர வேணாமாம்."

"யாரு உள்ள போறது?"

யாக்கூப் கண்ணாலேயே அந்த அதிகாரியைக் காட்டினான்.

இவன் ஆட்கள் நடுரோட்டில் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கிறார்கள். நாசமாய்ப் போகட்டும் என்று தினமும் காலையில் எழுந்ததும் சபிக்கிறவன் நான். இருந்தும் என் கை ஒரு ட்யூபைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு ட்யூப் மட்டும் இருக்கட்டும்னு சொல்லு யாக்கூப்பு. ஒண்ணே ஒண்ணு."

யாக்கூப் தலையைக் குனிந்துகொண்டான். அதை மட்டும் அவன் மொழிபெயர்க்கவில்லை.