பழைய புரோட்டோகாலே போதும்

"நல்லா ஓடிக்கிட்டிருந்த சர்வர்மா இது. நாலு வருஷமா ஒரு கொறை கெடையாது. இன்னிக்கு ஆபீஸே படுத்துக் கெடக்கு, பாத்தியா?"

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே மேலாளர் விஸ்வலிங்கம் கொதித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்றவள் தனுஜா. டத்தோ கிராமாட்டில் இருக்கும் அந்தச் சரக்கு ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களை மூன்று வருடமாகக் கட்டி மேய்ப்பவள். ஒப்பந்த வேலைதான். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிப்பதும் அவளை வீட்டுக்கு அனுப்புவதும் விஸ்வலிங்கத்தின் கையில் இருந்தது.

விவகாரம் இதுதான். நிறுவனத்தின் முப்பது மெய்நிகர் கணினிகள் இரண்டே சர்வர்களுக்குள் குடியிருந்தன. அவற்றின் கோப்புகள் எல்லாம் தனியாக ஒரு சேமிப்புப் பெட்டியில். சர்வரும் பெட்டியும் பேசிக்கொள்ளும் முறைக்குப் பெயர் புரோட்டோகால். அதை மாற்றினால் வேகம் கூடும் என்று தனுஜா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஸ்வலிங்கம் ஒருவழியாகச் சம்மதித்தார். சம்மதித்த கையோடு, ஞாயிறன்று புரோட்டோகால் மாற்றப்படும், திங்கள் முதல் புதிய முறை என்று வெள்ளிக்கிழமையே எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். யோசனை தன்னுடையது என்று அதில் இரண்டு இடத்தில் எழுதியிருந்தார்.

அதுவரை அந்த அலுவலகத்தில் புரோட்டோகால் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர் கிடையாது. திங்கள் காலையில் அத்தனை பேரும் அதில் பண்டிதர்கள். புது முறையில் ஒரு இன்வாய்ஸ் திறப்பதற்குள் சுடச்சுட வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறிவிடுகிறது என்று கணக்குப் பிரிவு ஷாஹிரா புகார் எழுதினாள். பிரிண்டர் கடகடப்பதற்கும் அதுதான் காரணம் என்றார் கிடங்கு மேற்பார்வையாளர். வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம். பத்து மணிக்குள் பதினொரு புகார் வந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். நேத்து வந்து..." என்று தனுஜா ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பேசாதம்மா. பேசிப் பேசித்தான் இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்ட. வினோதன் வர்றான். அவன் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

வினோதன் சிம்பாங் அம்பாட்டில் கணினிக் கடை வைத்திருப்பவர். விஸ்வலிங்கத்தின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடை வாசலில் அண்மையில்தான் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருந்தார். கடல் பாலத்தில் ஜாம் என்று சொல்லிக்கொண்டு பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். தனுஜாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, பாஸ்வேர்ட் என்ன என்று.

திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அவ்வப்போது உதட்டைப் பிதுக்கினார். சேமிப்புப் பெட்டியிலிருந்து ஒரு கேபிளைக் கழற்றி, அதன் வாயில் ஊதி, மறுபடி அதே இடத்தில் செருகினார். தனுஜா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு பயம் போய் எரிச்சல் வந்தது. கடைசியில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சு அத்தான். புது புரோட்டோகால் நம்ம பொட்டிக்கு ஒத்துக்கல. பழையதுக்கே மாத்திட்டேன். தங்கச்சிக்கு அனுபவம் பத்தல, அவ்ளோதான்லா."

அதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று தனுஜா பணிவாகக் கேட்டாள். கேட்டதுமே வினோதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோளாறு என்ன, அதைத் தான் எப்படிச் சரிசெய்தேன் என்று ஒரு பக்கம் நிறைய எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

விஸ்வலிங்கம் உடனே இரண்டாவது சுற்றறிக்கையைத் தட்டிவிட்டார். பழைய புரோட்டோகால் திரும்பிவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். பத்தே நிமிடத்தில் அலுவலகம் பறக்க ஆரம்பித்தது. கையை வைப்பதற்குள் இன்வாய்ஸ் திறக்கிறது என்று ஷாஹிரா நன்றி எழுதினாள். பிரிண்டர்கூட அடங்கிவிட்டதாம்.

மாலை நான்கு மணிக்குத் தனுஜாவை மேலாளர் அறைக்கு அழைத்தார்கள். வினோதன் நாற்காலியில் சாய்ந்து கறிபாப் தின்றுகொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு கடிதங்கள். ஒன்று, தனுஜாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றது. மற்றது, சர்வர் பராமரிப்பு இனி வினோதனுக்கு என்றது.

"வினோதன் குடுத்த ரிப்போர்ட்ட கோலாலம்பூர் ஹெட் ஆபீஸுக்கே அனுப்பிட்டேன்மா. அவங்களுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிக்கொண்டே விஸ்வலிங்கம் பேனாவைத் திறந்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். திறந்த பேனாவை மூடினார்.

"இன்னிக்கு நவமி. நவமியில நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல. நாளைக்கு மொத வேலையா போட்டுத் தரேன்."

தனுஜாவின் கண் கலங்கும் என்று வினோதன் எதிர்பார்த்தார். அவளோ மேசை ஓரத்து டிரேயிலிருந்து ஒரு பாரத்தை உருவி, இரண்டு கடிதங்களுக்கும் மேலே வைத்தாள்.

"அப்ப இதுலயும் நாளைக்கே போட்டுருங்க சார். புரோட்டோகால் மாத்தறதுக்கான அனுமதிப் பாரம். நேத்து காலையில நீங்க ஆபீஸ் வந்தப்பவே கொண்டாந்து குடுத்தேன், அஷ்டமியா இருக்கு, அப்புறம் பாப்போம்னு நீங்கதான் டிரேயில போட்டீங்க. நீங்க கையெழுத்துப் போடாம நான் எதுலயும் கை வெக்கறதில்ல. அதனால நேத்தும் இன்னிக்கும் ஓடறது அதே பழைய புரோட்டோகால்தான். அண்ணன் எதைப் பழையபடி மாத்துனாருன்னுதான் எனக்கு வெளங்கல."