முப்பத்துநாலாவது வழக்கு

பன்னிரண்டாவது பிரம்படி உள்ளங்காலில் இறங்கியபோது கேப்ரியல் கத்துவதை நிறுத்தியிருந்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இராஜமாணிக்கம் பேனாவை மையில் தொட்டு, முப்பத்துமூன்றாவது வழக்கு முடிந்தது என்று எழுதினார். கேப்ரியலை இரண்டு பேர் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

போன மாதம் வரைக்கும் அவர் மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் வெறும் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன ஒன்றரை வருஷத்தில் திருட்டும் அடிதடியுமாகப் புகார்கள் குவிந்துவிட்டன. சீக்கிரம் தீர்த்துவிடு என்று ஜப்பான் அதிகாரி அவரையே நீதிபதியாக உட்கார வைத்தான்.

மூன்று வாரம் மனுஷர் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. புதன்கிழமை சிரம்பானில் இருக்கும் ஜப்பான் ஆபீஸுக்குப் போய்த் திரும்பியதும்தான் பேய் பிடித்தவராகிவிட்டார். சனிக்கிழமை விடிவதற்குள் ஒரு வழக்கும் பாக்கி இருக்கக்கூடாது என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் தங்கராஜுவிடம் கட்டளை போட்டார்.

பஞ்சாலை என்ற இளம்பெண் ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு நாளாக இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மூட்டை நெல் திருடியதை ஒத்துக்கொண்ட முனியாண்டிக் கிழவரை இராஜமாணிக்கம், இனிமேல் செய்யாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரப்பர் பால் வாளியை நசுக்கிய அந்தோணிதாஸுக்கோ இருபது வயசு. அவனுக்குப் பன்னிரண்டு அடி.

சாட்சியும் கிடையாது, விசாரணையும் கிடையாது. வயசென்ன என்று மட்டும் கேட்பார், பிறகு காலை நீட்டச் சொல்வார். முதுகிலோ கையிலோ ஓர் அடி விழுந்தால் மண்டோரைத் திட்டுவார். வாலிபப் பிள்ளைகள் மேல் இந்தப் பாவிக்கு என்ன வன்மமோ என்று அவளுக்கு வயிறெரிந்தது.

அடுத்து அவள் புருஷன் சன்னாசி. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. கம்பெனி நிலத்து மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினான் என்று அவன் மேல் புகார். அவன் காலில் ஒரு அடிகூட விழவிடுவதில்லை என்று பஞ்சாலை முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

சன்னாசியைப் பெஞ்சில் படுக்கவைக்கும்போது வெளியே மோட்டார் வந்து நின்றது. சனிக்கிழமை வரவேண்டிய ஜப்பான் அதிகாரி வெள்ளிக்கிழமையே வந்து, வாளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இராஜமாணிக்கத்தின் முகம் வெளுத்துப்போனது. வயசைக்கூடக் கேட்காமல் பன்னிரண்டு அடி என்று அவசரப்படுத்தினார்.

பஞ்சாலை குறுக்கே வந்து விழுந்தாள். மடியிலிருந்த கிழங்கை மேசையில் வைத்தாள். சாட்சிக்கென்று சன்னாசியிடமிருந்து பறித்து வைத்திருந்த கிழங்கையும் எடுத்து, மண்டோரின் கத்தியால் இரண்டையும் சீவிக் காட்டினாள். இரண்டிலும் உள்தோல் ஒரே சிவப்பு. கம்பெனி நிலத்தில் இருப்பதெல்லாம் வெள்ளைத் தோல் கிழங்கு என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"லயத்து வூட்டுக்குப் பின்னால நாங்க நட்ட கெழங்குய்யா இது. சொந்தக் கெழங்கத் தின்னா திருட்டா?"

மண்டோர் அதை மலாய் மொழியில் அதிகாரிக்குச் சொன்னான். அதிகாரி எழுந்து வந்து கிழங்கைப் புரட்டிப் பார்த்தான். இராஜமாணிக்கம் கிழங்கின் பக்கமே திரும்பவில்லை. நீதிமன்றத்தில் பொம்பளை குறுக்கே பேசியதற்குப் புருஷனுக்குப் பன்னிரண்டு என்று கத்தி, மண்டோர் கையிலிருந்த பிரம்பைத் தானே பிடுங்கி ஓங்கினார். சன்னாசி காலை இழுத்துக்கொண்டான். அடி பெஞ்சில் விழுந்து பிரம்பு பிளந்தது.

அதிகாரி சிரித்துவிட்டான். இவன் திருடன் இல்லை, விட்டுவிடு, நேரத்தை வீணாக்காதே என்று உடைந்த மலாயில் சொன்னான். இராஜமாணிக்கம் பிளந்த பிரம்பைக் கீழே போட்டதைப் பார்த்துப் பஞ்சாலைக்கு மனசு குளிர்ந்தது.

புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்குவதற்குள் லோரி ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. குதித்த சிப்பாய்கள் வாலிபர்களையெல்லாம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு விரட்டினார்கள். சயாமில் ரயில் பாதை போடப் பன்னிரண்டு ஆள் வேண்டுமாம். அங்கே போன ஒருவன்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

லயத்து வீடுகளிலிருந்து அடி வாங்கிய பையன்கள் தவழ்ந்து வந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் இடித்து நிற்கவைத்தால் அப்படியே சரிந்து விழுந்தார்கள். கேப்ரியலின் காலை அதிகாரி பூட்ஸால் புரட்டினான், வீங்கிக் கறுத்துப்போயிருந்தது. காடு மலையெல்லாம் நடந்து போகவேண்டிய வேலைக்கு இந்தக் கால்கள் உதவாது என்று காறித் துப்பினான்.

பிறகு இராஜமாணிக்கத்தை அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. துவான், நீங்கள்தானே வழக்குகளைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னீர்கள், முடித்துவிட்டேன் என்றார் அவர். வயிற்றில் விழுந்த உதையில் சுருண்டு மண்ணில் கிடந்தார்.

களத்தில் நிமிர்ந்து நின்றவன் ஒருவன்தான். அதிகாரி சன்னாசியைக் கை காட்டினான்.

பஞ்சாலை லோரியின் பின்பலகையைப் பிடித்துத் தொங்கினாள். துப்பாக்கிக் கட்டை அவள் மணிக்கட்டில் இறங்கியது. லோரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அவள் ஓடிவந்து இராஜமாணிக்கத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நீங்கள் நீதிபதிதானே, போய் மீட்டுக்கொண்டு வாருங்கள் என்று கதறினாள். அவர் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னைய அடிக்க விட்டிருந்தா, இப்ப ஒன் வூட்ல கெடந்திருப்பான் தாயி."