நனைந்த கவசம்

அன்று சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: தம்போய் ஊரில் நாற்பது வருடமாகக் கார் சீட் உறை தைத்துவரும் காளிதாஸ், அவர் மருமகள் லோஷினி, ராணுவத்திலிருந்து வந்திருந்த மேஜர் ஹிஷாம், துப்பாக்கியை இயக்கும் செல்வா.

உட்கார ஒரு நாற்காலி இல்லை. எழுபத்திரண்டு வயது மனிதரை இரண்டு மணி நேரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

அதைவிட எரிச்சல், லோஷினி செய்த குண்டு துளைக்காத கவசத்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தது.

"என்னம்மா இது? சண்டைக்குப் போறவனுக்குக் கவசமா, வடைக்குப் பருப்பா?"

"காட்டுல மழை பெய்யும் மாமா. உள்ள இருக்கிற துணி நனைஞ்சா பலம் போயிடும். அதுக்குத்தான் தண்ணி போகாத உறை. பேசாம பாருங்க லா."

நான்கு வருட உழைப்பு அவளுடையது. காய்ந்த கவசம் காலையிலேயே தேறிவிட்டது. நனைந்ததும் தேறினால் ராணுவம் வாங்கும். தவறினால் பட்டறை பழையபடி சீட் உறையோடு நின்றுவிடும்.

செல்வா சுட்டார். முதல் குண்டு நின்றது. இரண்டாவதும் நின்றது.

மூன்றாவது, கவசத்துக்குப் பின்னால் வைத்திருந்த களிமண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டது.

மேஜர் பேனாவை எடுத்தார்.

லோஷினி உறையைக் கத்தியால் கிழித்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

ஓரங்களை அவள் தைக்காமல் சூட்டில்தான் ஒட்டியிருந்தாள். ஓர் ஊசித்துளைகூட விழக் கூடாது என்று பட்டறைச் சுவரில் எழுதியே வைத்திருந்தாள்.

இப்போது உறையின் அடி ஓரத்தில் ஒரு சின்னத் துணிப்பட்டை. 'காளிதாஸ் குடும்பத்தார், தம்போய்.' சுற்றிலும் நெருக்கமான, நேர்த்தியான தையல்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

"சாலா சாயா, துவான்," என்றாள் மேஜரிடம் மலாயில். தன் தவறாம்.

காளிதாஸுக்குக் கோபம் தலைக்கேறியது. இவளை யார் பொய் சொல்லச் சொன்னது? அதுவும் அந்நியர் முன்னால், வீட்டுப் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு?

"நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கெடையாது," என்று பல்லைக் கடித்தார்.

"மாமா, சும்மா இருங்க," என்றாள் அவள், உதடு அசையாமல்.

அவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு மேஜரை நோக்கி நடந்தார்.

மருமகள் எங்கேயோ கோட்டை விட்டாள், அதனால்தான் ராணுவ ஆர்டர் கைநழுவியது என்று தம்போயில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. முந்தின நாள் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தப் பட்டையைத் தைத்தவர் காளிதாஸ். மேஜரின் தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.