ஏரிக்கரையில் வேலைநிறுத்தம்

மலைமேல் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றி ஒரு சிற்றூர். அங்கே சவாரிக் குதிரை ஒன்றுக்குப் பின்னங்கால் வீங்கியிருந்தது. அப்படியும் அது சீசன் கூட்டத்தைச் சுமந்து ஏரியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை அது படகுத்துறைக்குப் போய், அன்னம் போலச் செய்த மிதிபடகிடம் சொன்னது: "தம்பி, நாளைக்கு வேலைநிறுத்தம். ஓய்வு இல்லேன்னா என் கால் போயிடும். நான் மட்டும் படுத்தா அடிச்சு எழுப்பிடுவாங்க. நீயும் சேரணும்."

"அண்ணே, என்மேல உட்கார்றவங்கதான் மிதிக்கிறாங்க. நான் எதை நிறுத்துறது?"

"காசும் கொடுத்து, வேலையும் செய்றாங்களா? அடப்பாவி, நீ முதலாளிடா! சரி, முன்னால போகாம ஒரே இடத்துல சுத்து."

கொடி கட்டாமல், மேடை போடாமல் மறுநாள் போராட்டம் தொடங்கியது. குதிரை நடுச்சாலையில் படுத்தது. குதிரைக்காரர் சவுக்கை ஓங்குவதற்குள், "குதிரை படுத்திருக்கு, வாங்க!" என்று பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள், கேரட் ஊட்டினார்கள். அவர் சவுக்கை மறைத்துவிட்டு வரிசையை ஒழுங்குபடுத்தினார். படகுத்துறையிலோ, "எங்களுக்கும் அந்தச் சுத்துற படகுதான் வேணும்" என்று ஒரே சண்டை.

பொழுது சாய்ந்ததும், படகுத்துறைக்கு வந்து படுத்த குதிரையிடம் படகு கேட்டது: "தலை சுத்துது அண்ணே. நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

குதிரை வீங்கிய காலை நன்றாக நீட்டிக்கொண்டது.

"என் வாயில கேரட் இருக்கும்போது அரசியல் பேசாதே தம்பி."