பதினாறு மீட்டர் கிணறு

அந்த ஸ்டாப்வாட்சின் பொத்தான் கொஞ்சம் ஒட்டும். ஓடவிட அமுக்கினால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்த பிறகுதான் முள் நகரும்; நிறுத்தும்போது மட்டும் உடனே நின்றுவிடும். இது அதற்கு மட்டுமே தெரியும். கண் சிமிட்டுகிற நேரத்துக்கெல்லாம் யார் கணக்குக் கேட்கப்போகிறார்கள் என்று அது வாயே திறக்கவில்லை.

பாழுங்கிணற்றில் தூர் எடுக்க வந்த இன்னாசி, ஆழம் பார்க்க ஒரு கல்லைப் போட்டு, அதே கணம் ஸ்டாப்வாட்சை அமுக்கினார். சத்தம் கேட்டதும் நிறுத்தினார். ஒன்று புள்ளி எட்டு நொடி.

"தம்பி, ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிடு," என்றது அவருடைய நோட்டு. "நேரத்தை நேரத்தாலேயே பெருக்கி, அப்புறம் அஞ்சாலயும் பெருக்கித்தான் ஆழத்தை எழுதப்போறேன். உன்கிட்ட துளி குறைஞ்சா என்கிட்ட ரெண்டாள் உயரம் குறையும்."

"என்மேலயே சந்தேகமா?" என்று ஸ்டாப்வாட்ச் முறைத்தது.

நோட்டு பதினாறு மீட்டர் என்று எழுதிக்கொண்டது. கட்டுவதற்கு இரண்டு மீட்டர் சேர்த்துக் கடையில் கயிறு வாங்கிவந்து இறங்கினார் இன்னாசி. தரை தெரியாத இருட்டிலேயே கயிற்றின் முனை கைக்கு வந்துவிட்டது.

"அண்ணே, நான் முடிஞ்சுட்டேன். கையை விட்டுடாதீங்க!" என்று கயிறு கதறியது.

இன்னாசிக்கு அது கேட்கவில்லை. கயிறு முடிந்தால் தரை காலடியில்தான் இருக்கும் என்று நம்பிக் கையை விட்டார். கீழே இன்னும் நாலு மீட்டர் இருந்தது. அதற்கும் கீழே பாறை.

ஊரார் அவரை மேலே தூக்கிக் கிடத்தியபோது ஒருவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்க்க ஸ்டாப்வாட்சை அமுக்கினார். இந்தத் தடவை அது பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கணமே ஓடியது. எண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.