முப்பத்திரண்டாம் வாரம்

சிக்கந்தர் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பிரௌசிங் சென்டர் அவருடையது. அவருக்கு வலப்பக்கம் நாகமணி அக்கா, மடியில் வாரப் பத்திரிகையிலிருந்து எடுத்து பைண்டு செய்த தொடர்கதையோடு. கதவோரம் ஸ்டூலில் நான், கடிதத் தாளோடு. மத்தியான வெக்கையையே மின்விசிறி சுற்றிச் சுற்றி எங்கள்மேல் தள்ளுகிறது. அந்தத் தொடர்கதைக்கென்று சென்னையில் யாரோ நடத்தும் இணையதளத்தில், அண்ணன் தங்கையைத் தேடி வரவேயில்லை என்று போட்டிருக்கிறது. சிக்கந்தர் மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லாததால்தான் இந்தக் கடிதம். “அவன் வந்தான்க்கா. முப்பத்திரண்டாம் வாரம் பூரா அதான். என் பைண்டுல இருக்கு. எந்தக் கிறுக்கன் பைண்டைப் பார்த்து எழுதுனான்னு பாப்போம்,” என்று சிக்கந்தர் பக்கத்தைக் கீழே நகர்த்துகிறார். அடியில் பொடி எழுத்தில், ‘ஆதாரம்: மதுரை நாகமணி அவர்களின் பிரதி’ என்றிருக்கிறது. அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அக்காவின் கண்ணாடியில் திரையின் நீலம் அசையாமல் நிற்கிறது. மடியில் இருப்பதைப் புரட்டுகிறார். முப்பத்தொன்றுக்கு அடுத்த தாள் முப்பத்துமூன்று. “அந்த வாரம் எங்க வீட்டுக்காரரைப் பெரியாஸ்பத்திரியில சேத்திருந்தோம். புத்தகம் வாங்க எங்க நினைப்பு? முப்பது வருசமா அந்த அண்ணங்காரனை வையாத நாளில்ல.” “உங்க பேரை விட்டுட்டு எழுதச் சொல்வோம்க்கா.” “வேணாம் சிக்கந்தரு. தப்பு என் பிரதியிலன்னே எழுதச் சொல்லு. அதைப் படிச்சு இம்புட்டுப் பேரும்ல அவனை வையுறாங்க.” எழுதுகிறேன். அக்கா கையெழுத்துப் போடுகிறார். சிக்கந்தர் தன் பைண்டிலிருந்து எடுத்துவந்த முப்பத்திரண்டாம் வார ஜெராக்ஸ் தாள்களை உறைக்குள் வைக்கப் போனவர், நிறுத்தி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார். பசை தொட்ட விரலோடு காத்திருக்கிறேன். கடைசித் தாளையும் படித்துவிட்டு, “ஒட்டுங்க,” என்கிறார். ஒட்டிய உறையோடு சிக்கந்தர் தெருமுனைத் தபால்பெட்டிக்கு நடக்கிறார்.